முன் அச்சுத் தண்டு (நான்கு சக்கர இயக்கம்)

முன் அச்சுத் தண்டு என்பது நான்கு சக்கர இயக்க ஊர்திகளில், முன் அச்சிலுள்ள டிபரன்சியல் என்னும் வேறுபாட்டுப் பற்சக்கரத் தொகுதியிலிருந்து முன் சக்கரங்களுக்கு முறுக்கு விசையைக் கொண்டு செல்லும் உருக்குத் தண்டு ஆகும். பணிமனைகளில் இது முன் ஆக்சில் சாப்ட் என வழங்கப்படுகிறது. சாலையில் மட்டும் ஓடும் ஊர்தியில் இத்தண்டு பல ஆண்டுகள் உழைக்கும். பாறை, ஆற்று மணல், சேறு, காட்டுத் தடம் ஆகியவற்றில் ஓடும் ஊர்தியிலோ இதுவே முதலில் முறியும் உறுப்புகளுள் ஒன்றாக உள்ளது. இதனால் தொழிற்சாலைத் தண்டை நீக்கிவிட்டு, தடித்த அல்லது உயர்தர உருக்கினால் ஆன தண்டைப் பொருத்தும் வழக்கம் உலகெங்கும் உண்டு. அவ்வாறு மேம்படுத்தப்பட்ட தண்டு எவ்வளவு காலம் தாங்கும் என்பது அதன் உருக்கை மட்டும் பொறுத்ததன்று. தண்டோடு இணைந்த மூட்டு, டயரின் அளவு, ஓட்டுநரின் கை ஆகியவற்றையும் பொறுத்தது.

அமைப்பு

இறுக்கமான முன் அச்சில் ஒவ்வொரு பக்கத்திலும் தண்டு இரு துண்டுகளாக இருக்கும். உள் தண்டு டிபரன்சியலிலிருந்து அச்சுக் கூட்டின் முனை வரை செல்கிறது. வெளித் தண்டு அங்கிருந்து சக்கரத்தின் ஹப் வரை செல்லும் குட்டையான துண்டு. முன் சக்கரங்கள் திரும்ப வேண்டியிருப்பதால் இவ்விரண்டுக்கும் இடையே வளையக்கூடிய ஒரு மூட்டு அவசியமாகிறது. பின் அச்சுத் தண்டுக்கு இத்தகைய மூட்டு தேவையில்லை. ஒரே ஊர்தியில் முன் தண்டு பின் தண்டைவிட எளிதில் பழுதாவதற்கு இதுவே முதற் காரணம்.

தண்டின் முனைகளில் நீளவாக்கில் வெட்டப்பட்ட பற்கள் ஸ்பிளைன் எனப்படும். இவை டிபரன்சியலின் பக்கப் பற்சக்கரத்திலும் ஹப்பிலும் பொருந்தி முறுக்கு விசையைக் கடத்துகின்றன. பழைய ஜீப்புகளில் ஹப் ஓர் உருளைக் கூட்டின் மீது தன் தாங்கிகளுடன் சுழலும். இதில் ஊர்தியின் எடையைக் கூடு தாங்குவதால் தண்டுக்கு முறுக்கைக் கடத்தும் வேலை மட்டுமே உண்டு. தண்டு முறிந்தாலும் சக்கரம் கழன்று விழாது. பிற்காலத்தில் வந்த ஒருங்கிணைந்த ஹப் தாங்கிகளில் நிலைமை வேறு. அங்கு வெளித் தண்டின் முனையிலுள்ள பெரிய நட்டுதான் தாங்கியை இறுக்கிப் பிடித்திருக்கிறது. முறிந்த தண்டை முழுவதும் கழற்றிவிட்டு அத்தகைய ஊர்தியை ஓட்டுவது ஆபத்தானது. வெளித் துண்டையாவது மீண்டும் பொருத்தி நட்டை இறுக்கிய பின்னரே ஊர்தியை நகர்த்த வேண்டும்.

தடிமனும் முறுக்கு வலிமையும்

ஓர் உருண்டைத் தண்டு தாங்கும் முறுக்கு விசை அதன் விட்டத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். விட்டம் 10 விழுக்காடு கூடினால் வலிமை ஏறத்தாழ 33 விழுக்காடு கூடுகிறது. அமெரிக்க வகை அச்சுகளில் 27 பற்கள் கொண்ட தண்டின் விட்டம் சுமார் 29.5 மி.மீ., 30 பற்கள் கொண்டது சுமார் 33 மி.மீ., 35 பற்கள் கொண்டது சுமார் 38 மி.மீ. ஆகும். உருக்கு 500 மெகாபாஸ்கல் முறுக்குத் தகைவு வரை நிலையான உருமாற்றம் இன்றித் தாங்கும் எனக் கொண்டால், இம்மூன்றும் முறையே சுமார் 2,500, 3,500, 5,400 நியூட்டன் மீட்டர் முறுக்கைத் தாங்கும். உருக்கை மாற்றாமல் தடிமனை மட்டும் மாற்றுவதால் வலிமை இரு மடங்குக்கு மேல் ஆவதை இதில் காணலாம்.

தண்டுக்கு வரும் முறுக்கு எவ்வளவு? 240 நியூட்டன் மீட்டர் தரும் எந்திரம், முதல் கியரில் 4 மடங்கு, தாழ் வரிசைப் பெட்டியில் 2.5 மடங்கு, அச்சில் 4 மடங்கு எனக் கொண்டால் மொத்தம் 40 மடங்கு, அதாவது 9,600 நியூட்டன் மீட்டர் ஆகிறது. இது வழக்கமாக நான்கு சக்கரங்களுக்கும் பகிரப்படும். மேலும் தரைக்கும் டயருக்கும் உள்ள உராய்வு ஓர் இயற்கையான வரம்பை விதிக்கிறது. ஒரு சக்கரத்தின் மீது 6,000 நியூட்டன் எடையும், 0.8 உராய்வுக் கெழுவும், 0.4 மீட்டர் ஆரமும் இருந்தால் 1,920 நியூட்டன் மீட்டருக்கு மேல் செல்லும்போது டயர் வழுக்கிவிடும். தண்டு பிழைத்துக்கொள்ளும்.

பாறைக் கிடங்கில் டயர் இரு கற்களுக்கிடையே சிக்கிக்கொண்டால் இந்த உராய்வு வரம்பு இல்லாமல் போகிறது. டிபரன்சியல் பூட்டப்பட்டிருந்து மற்றச் சக்கரங்கள் பிடிப்பின்றி இருந்தால் முறுக்கின் பெரும்பகுதி ஒரே தண்டின் மீது விழுகிறது. சேற்றில் வேகமாகச் சுழன்றுகொண்டிருக்கும் சக்கரம் திடீரென்று கெட்டித் தரையைப் பற்றும்போதும் இதே நிலைதான். சக்கரத்தின் சுழல் ஆற்றல் முழுவதும் கணப்பொழுதில் தண்டுக்குள் பாய்கிறது. ஆரம் 0.4 மீட்டரிலிருந்து 0.45 மீட்டராகும்படி பெரிய டயர் பொருத்தினால் மேலே கூறிய வரம்பு 2,160 நியூட்டன் மீட்டராக உயர்கிறது. டயரின் எடையும் கூடுகிறது. டயரைப் பெரிதாக்கிவிட்டுத் தண்டை அப்படியே விட்டவர்களே அதிகம் முறிவைச் சந்திக்கின்றனர்.

மூட்டு

முன் தண்டின் வரலாறு பெரும்பாலும் அதன் மூட்டின் வரலாறே. எளிய வகை, சிலுவை வடிவத் துண்டும் அதன் நான்கு முனைகளில் ஊசித் தாங்கிகள் அடங்கிய மூடிகளும் கொண்ட யு மூட்டு ஆகும். தமிழ்நாட்டுப் பணிமனைகளில் இத்துண்டை யு.ஜே. கிராஸ் என்பர். இதன் குறை, வளைந்த நிலையில் சீராகச் சுழலாமை. மூட்டு 30 பாகை வளைந்திருக்கையில் வெளித் தண்டின் வேகம் உள் தண்டின் வேகத்தைப் போல் 0.87 மடங்கிலிருந்து 1.15 மடங்கு வரை ஒவ்வொரு சுற்றிலும் இரு முறை ஏறி இறங்கும். 40 பாகையில் இது 0.77 முதல் 1.31 வரை ஆகிறது. முறுக்கு விசையும் அதற்கேற்ப ஏறி இறங்குவதால், தண்டின் முனையிலுள்ள இரு காதுகள் விரிக்கப்படுகின்றன. காது விரிந்தவுடன் மூடி சுழலத் தொடங்கும். அதைப் பிடித்திருக்கும் சர்க்ளிப் தெறிக்கும். பின்னர் சிலுவையோ காதோ உடையும். உடைந்த துண்டு நக்கிள் பகுதிக்குள் சிக்கிக்கொண்டால் திசைமாற்றியே இறுகிவிடக்கூடும். மலைச்சரிவில் இது உயிருக்கு ஆபத்தானது.

சம வேக மூட்டுகள் இக்குறையைப் போக்க எழுந்தவை. பிரான்சில் பியர் பெனாய், ழான் ஆல்பர் கிரெகுவார் ஆகியோர் 1926இல் திராக்தா மூட்டை உருவாக்கினர். அதே பத்தாண்டில் ஆல்பிரட் ரெசப்பா ஆறு உருண்டைகளும் ஒரு கூண்டும் கொண்ட மூட்டுக்குக் காப்புரிமை பெற்றார். இரண்டாம் உலகப் போரின் வில்லிஸ் ஜீப்புகளில் பெண்டிக்ஸ், ரெசப்பா, திராக்தா என ஒன்றுக்கு மேற்பட்ட வகை மூட்டுகள் பொருத்தப்பட்டன. ரெசப்பா மூட்டு ஏறத்தாழ 45 பாகை வரை சீராகச் சுழலும். ஆயினும் முழுத் திருப்பத்தில் அதன் மெல்லிய கூண்டு விரிசல் கொள்வது உண்டு. மேம்படுத்தப்பட்ட மூட்டுகளில் கூண்டையும் உள் வளையத்தையும் 300எம் எனப்படும் உருக்கில் செய்கின்றனர். இது விமானங்களின் தரையிறங்கு கால்களுக்குப் பயன்படும் உருக்கு ஆகும்.

எவ்வகை மூட்டாயினும், திசைமாற்றியை முழுவதும் திருப்பிய நிலையில் ஆக்சிலரேட்டரை அழுத்துவதே முறிவுக்குக் குறுக்கு வழி. சக்கரத்தை நேராக்கிக்கொண்டு மெதுவாக விசை கொடுக்கும் ஓட்டுநரிடம் சாதாரணத் தண்டும் நெடுநாள் உழைக்கிறது.

உலோக அயர்வு

ஒரே அடியில் முறியும் தண்டுகளைவிட, பல சிறு அடிகளைத் தாங்கித் தாங்கி ஒருநாள் முறியும் தண்டுகளே வியப்பளிப்பவை. இந்நிகழ்வு முதலில் கவனத்திற்கு வந்ததும் ஓர் அச்சின் வழியாகத்தான். 1842 மே 8 அன்று பிரான்சின் வெர்சாய் அருகே தொடர்வண்டி எந்திரத்தின் அச்சு முறிந்து பலர் மாண்டனர். கடலோடி துய்மோன் துர்வில் அவர்களுள் ஒருவர். அடுத்த ஆண்டே ராங்கின் இத்தகைய முறிவுகளைப் பற்றி எழுதினார். பின்னர் செருமானியப் பொறியாளர் ஆகத்து வோலர் 1850களிலும் 1860களிலும் தொடர்வண்டி அச்சுகளைத் திரும்பத் திரும்பச் சுமைக்கு உட்படுத்தி, முறிவு வலிமைக்கு மிகக் குறைந்த தகைவிலும் உலோகம் முறியக்கூடும் என்று நிறுவினார்.

முன் அச்சுத் தண்டில் அயர்வு பெரும்பாலும் ஸ்பிளைன் பற்கள் முடியும் இடத்தில் தொடங்குகிறது. பல்லின் அடியிலுள்ள கூரிய மூலை தகைவைக் குவிக்கிறது. எனவே நல்ல தண்டுகளில் நடுப்பகுதியின் விட்டம் ஸ்பிளைன் பல்லின் அடி விட்டத்திற்கு மேற்படாதவாறு சற்றே மெலிதாகக் கடையப்பட்டிருக்கும். பார்ப்பவருக்கு இது வலிமையைக் குறைப்பதாகத் தோன்றலாம். உண்மையில் முறுக்கம் ஒரே இடத்தில் குவியாமல் தண்டின் நீளம் முழுவதும் பரவி, தண்டு ஒரு சுருள்வில்லைப் போல் அதிர்ச்சியை உள்வாங்க இது உதவுகிறது. டிபரன்சியல் ஓரமாக அமைந்த அச்சுகளில் நீண்ட பக்கத் தண்டு அதிகம் முறுங்கிக் கொடுப்பதும், குட்டைப் பக்கத் தண்டு விறைப்பாக இருப்பதும் இதே காரணத்தால்தான்.

உருக்கும் பதனிடலும்

தொழிற்சாலைத் தண்டுகள் பெரும்பாலும் நடுத்தரக் கார்பன் உருக்கினால் ஆனவை. மின்தூண்டல் முறையில் மேற்பரப்பு மட்டும் கடினமாக்கப்பட்டு, உட்பகுதி மென்மையாக விடப்படுகிறது. மேம்பட்ட தண்டுகள் குரோமியமும் மாலிப்டினமும் கலந்த உருக்கில் வருகின்றன. 4340 எனும் வகையில் நிக்கலும் உண்டு. இந்தியச் சந்தையில் இவற்றைப் பழைய பிரித்தானியக் குறியீட்டாலேயே அழைக்கின்றனர். ஈ.என்.8 என்பது ஏறத்தாழ 1040க்கும், ஈ.என்.19 என்பது 4140க்கும், ஈ.என்.24 என்பது 4340க்கும் இணையானவை.

பெயரைக் கேட்டு வாங்குவதில் ஏமாற்றம் காத்திருக்கிறது. ஒரே ஈ.என்.24 உருக்கு, எண்ணெயில் குளிர்வித்துப் பதப்படுத்திய முறைக்கேற்ப முற்றிலும் வேறுபட்ட வலிமைகளைக் காட்டும். பதனிடப்படாத கம்பியைக் கடைசல் பட்டறையில் கடைந்து பற்களை வெட்டி எடுத்த தண்டு, முறையாகப் பதனிட்ட சாதாரணத் தொழிற்சாலைத் தண்டைவிட முன்னதாகவே முறுங்கக்கூடும். பற்களை வெட்டாமல் உருட்டி அழுத்தி உண்டாக்கினால் உலோகத்தின் இழையோட்டம் அறுபடாமல் இருக்கும். முனையிலுள்ள காதுகளை அச்சில் அடித்து வடிப்பதன் பயனும் அதுவே. சிறு உருக்குக் குண்டுகளை மேற்பரப்பில் வீசிப் பதப்படுத்தும் முறை, அங்கே அழுத்தத் தகைவை உண்டாக்கி அயர்வு விரிசலைத் தாமதப்படுத்துகிறது.

பலவீனம் இடம் மாறுதல்

தண்டை மேம்படுத்துவதால் முறிவு மறைந்துவிடுவதில்லை. அடுத்த பலவீனமான உறுப்புக்கு நகர்கிறது. தண்டு வலுத்தால் யு மூட்டும், மூட்டு வலுத்தால் ஹப்பும், அதுவும் வலுத்தால் டிபரன்சியலின் கிரவுன் சக்கரமும் பினியனும் உடைகின்றன. தண்டை அரை மணி முதல் இரண்டு மணி நேரத்தில் காட்டிலேயே மாற்றிவிடலாம்; கிரவுன் சக்கரத்தை அவ்வாறு மாற்ற இயலாது. எனவே அனுபவமிக்கோர் சிலர் கையால் பூட்டும் ஹப்பை வேண்டுமென்றே பலவீனமாக விட்டு, மின்சுற்றில் உருகி இருப்பதைப் போலப் பயன்படுத்துகின்றனர். இது கஞ்சத்தனமன்று, நல்ல பொறியியலே.

இந்தியாவில்

1940களின் இறுதியில் மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்புகளை இந்தியாவில் பூட்டத் தொடங்கியதிலிருந்து இயங்கும் முன் அச்சு நாட்டில் பரவலாக அறியப்பட்டது. ஜபல்பூர் ஊர்தித் தொழிற்சாலை படைத்துறைக்காக மான் நிறுவன வடிவமைப்பிலான சக்திமான் சரக்குந்துகளையும், நிசான் வடிவமைப்பிலான ஜோங்காவையும் தயாரித்தது. பின்னர் அசோக் லேலண்டின் ஸ்டாலியன் சரக்குந்து படைத்துறையின் முதன்மை ஊர்திகளுள் ஒன்றாயிற்று. 1985இல் வந்த மாருதி ஜிப்சியின் முன் அச்சில் உருண்டை வகைச் சம வேக மூட்டுகள் இருந்தன. 2010இல் வந்த மகிந்திரா தாரின் உயர் வகையில் இறுக்கமான முன் அச்சு கைவிடப்பட்டு, ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே அசையும் அமைப்பு வந்தது. இதில் ஒவ்வொரு தண்டுக்கும் இரண்டு மூட்டுகள் உண்டு. ஊர்தியின் உயரத்தைக் கூட்டினால் இம்மூட்டுகள் எப்போதும் வளைந்த நிலையிலேயே சுழல வேண்டியிருப்பதால் அவற்றின் ஆயுள் குறைகிறது. 2023இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த மாருதி சுசுகி ஜிம்னி மீண்டும் இறுக்கமான முன் அச்சுடன் வந்தது.

தமிழ்நாட்டில் திருப்பெரும்புதூரிலுள்ள அக்சில்ஸ் இந்தியா நிறுவனம் வணிக ஊர்திகளின் அச்சுக் கூடுகளைத் தயாரிக்கிறது. செய்யாறு அருகே மகிந்திரா நிறுவனம் 2021இல் திறந்த சோதனைத் தளத்தில் கரடுமுரடான தடங்களும் அமைக்கப்பட்டுள்ளன.

புதுக்கோட்டை மாவட்டத்தில்

1974இல் உருவான புதுக்கோட்டை மாவட்டம் இவ்வுறுப்புடன் இரு வகையில் தொடர்புடையது. ஒன்று தயாரிப்பு. திருச்சிராப்பள்ளி - மதுரை நெடுஞ்சாலையில் அமைந்த விராலிமலையில் எம்.எம். போர்ஜிங்ஸ் நிறுவனத்தின் உருக்கு வடிப்பு ஆலை உள்ளது. 1946இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் என்ற பெயரில் தோன்றிய இந்நிறுவனம், 1974இல் அண்டை மாவட்டமான சிவகங்கையின் சிங்கம்புணரியில் வடிப்புத் தொழிலைத் தொடங்கியது. செஞ்சூடாகக் காய்ச்சிய உருக்கை அச்சுகளுக்கிடையே அழுத்தி ஊர்திகளுக்கான உறுப்புகளை வடிப்பதே இதன் தொழில். முன்னர்க் கூறிய இழையோட்டம் உறுப்பின் வடிவத்தைத் தொடர்ந்து செல்வது இவ்வகை வடிப்பினால்தான். மாவட்டத்தின் வட எல்லையிலுள்ள மாத்தூர் தொழிற்பேட்டையில் திருச்சி பெல் நிறுவனத்தைச் சார்ந்து வளர்ந்த உலோக வேலைக் கூடங்கள் உள்ளன.

மற்றொன்று பயன்பாடு. மாவட்டத்தின் நிலம் ஊர்திக்கு எளியதன்று. நார்த்தாமலை, குடுமியான்மலைப் பகுதிகளில் வெற்றுப் பாறைக் குன்றுகளும் கல் குவாரிகளும் உள்ளன. கந்தர்வகோட்டைப் பக்கம் செம்பாறாங்கல் நிலம். தெற்கே வெள்ளாற்று மணல். எங்கும் கோடையில் வறண்டும் மழையில் குழைந்தும் கிடக்கும் கண்மாய்கள். குவாரிகளில் ஓடும் டிப்பர்கள் கரடுமுரடான தடத்தில் ஓடினும், அவற்றில் பெரும்பாலானவற்றின் முன் அச்சு இயக்கப்படாதது. வடித்த உருக்கு விட்டமே அங்கு எடையைத் தாங்குகிறது. அச்சுத் தண்டு என்பதே அதில் இல்லை. "டிப்பரின் முன் ஆக்சில் உடைந்தது" என்று பேசப்படுவதும் ஜீப்பின் முன் தண்டு முறிவதும் வெவ்வேறு பழுதுகள் என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

இயங்கும் முன் அச்சு இங்கு நான்கு சக்கர இயக்க ஜீப்புகளிலும் டிராக்டர்களிலும் தோண்டும் எந்திரங்களிலும் காணப்படுகிறது. கல்லணைக் கால்வாயின் கடைமடையான அறந்தாங்கிப் பகுதியின் நெல் வயல்களில் சேற்றுழவுக்கு முன் சக்கரமும் இழுக்கும் டிராக்டர் மிகவும் ஏற்றது. சேறு வழுக்குவதால் அங்கு தண்டுக்கு ஆபத்து குறைவு. சேற்றைவிட வரப்பே எதிரி. முழுத் திருப்பத்தில், முன் இயக்கத்தை விடுவிக்காமல் காய்ந்த வரப்பேறும்போது மூட்டு திணறுகிறது. தார்ச் சாலையில் முன் இயக்கத்தைப் பூட்டியபடியே செல்வதும் தீங்கானது. திருப்பங்களில் முன் பின் அச்சுகள் வெவ்வேறு தொலைவைக் கடக்க வேண்டியிருக்க, வழுக்க இடமில்லாமல் அவ்வேறுபாடு முழுவதும் தண்டுகளில் முறுக்கமாகச் சேர்கிறது.

2018 நவம்பர் 16 அன்று வீசிய கஜா புயலில் ஆலங்குடி, கீரமங்கலம் வட்டாரங்களில் தென்னந்தோப்புகள் பேரழிவுக்கு உள்ளாயின. சாய்ந்த மரங்களை அகற்றுவதில் டிராக்டர்களும் தோண்டும் எந்திரங்களும் பெரும்பங்கு வகித்தன. வேர்க்கட்டையை இழுப்பது அச்சுத் தண்டுக்கு மிகக் கடுமையான வேலைகளுள் ஒன்று. சங்கிலியைத் தளர்வாக விட்டு ஊர்தியை முன்னோக்கி ஓட்டி வெட்டி இழுக்கும்போது எழும் அதிர்ச்சி, எந்திரம் தரும் முறுக்கைவிடப் பன்மடங்கு ஆகலாம். சங்கிலியை முதலில் இறுக்கிக்கொண்டு சீராக இழுத்தால் இது தவிர்க்கப்படும்.

சோதித்தல்

மேம்படுத்தப்பட்ட தண்டைப் பொருத்தும் முன் அதன் நீளவாக்கில் நேரான வண்ணக் கோடு ஒன்றைத் தீட்டி வைப்பது மலிவான, நம்பத்தக்க முறை. பின்னர்க் கழற்றிப் பார்க்கையில் கோடு திருகியிருந்தால் தண்டு தன் மீள்திறன் எல்லையைக் கடந்துவிட்டது என்று பொருள்; அதை மீண்டும் பயன்படுத்தலாகாது. ஸ்பிளைன் பற்கள் சாய்ந்திருத்தல், மூடி காதுக்குள் கையால் சுழலுதல், ஹப்பிலிருந்து சிவந்த துருத்தூள் கசிதல் ஆகியவையும் அறிகுறிகள். கண்ணுக்குத் தெரியாத விரிசல்களைக் காந்தத் துகள் சோதனை காட்டும்.

முறிந்த முகமும் செய்தி சொல்லும். அச்சுக்குச் செங்குத்தாகத் தட்டையாக முறிந்திருந்தால் தாங்கும் அளவுக்கு மிஞ்சிய முறுக்கு. 45 பாகைச் சாய்வில் திருகலாக முறிந்திருந்தால் உருக்கு மிகையாகக் கடினமாகி நொறுங்கும் தன்மை அடைந்துள்ளது. ஈர மணலில் அலை விட்டுச்சென்ற வரிகளைப் போன்ற கோடுகள் இருந்தால் அது அயர்வு. முதல் வகைக்குத் தடித்த தண்டு தீர்வாகும். இரண்டாம் வகைக்குத் தடிமன் உதவாது; பதனிடலைத் திருத்த வேண்டும்.

சட்டம்

மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதற்கு மாறாகும் வகையில் ஊர்தியை மாற்றக் கூடாது. கேரள உயர் நீதிமன்றத்திலிருந்து வந்த வழக்கொன்றில் 2019 சனவரியில் இந்திய உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. அச்சுத் தண்டின் உருக்கு வகை பதிவுச் சான்றிதழில் இடம்பெறுவதில்லை. ஆனால் வலுத்த தண்டைத் தேவையாக்கும் மாற்றங்களான வேறு எந்திரம், வேறு அச்சு, உயர்த்திய உடல் போன்றவை இப்பிரிவின் வரம்புக்குள் வரக்கூடும்.